விருந்தாளி போன பிறகும் நின்ற ஆர்டர்

அவசரம் என்று ஒருவர் ஓடி வந்தால் முதலில் வண்டியை எடுங்கள், தம்பிகளா. என்ன ஏது என்பதைப் போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவசரம் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட விதத்தைச் சங்க மலரில் போட வேண்டும் என்று செயலாளர் கேட்டார். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என் பேச்சுக்கு இஸ்திரி போட்டுத்தான் எழுதுகிறார். அது அவர் வேலை, நான் குறுக்கே போகவில்லை.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். அதற்கு முன்னால் கல் லாரியில் கிளீனர். சிலைக்கு ஆகிற கல்லைத் தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம் வரும் என்று அங்கே சொல்வார்கள். நானும் தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாக் கல்லும் கல் மாதிரியேதான் சத்தம் போட்டது. சரி, இது நமக்கு ஆகாது என்று ஆட்டோவுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு வேறு வேலைக்குப் போகத் தோன்றவில்லை.

எங்கள் ஸ்டாண்டின் முதல் சவாரி எப்போதும் செல்விதான். கரையில் ஏலம் முடிந்ததும் மீனை அலுமினியக் கூடையில் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடிக்கொண்டு வருவாள். கூடை வண்டியின் பின்பக்கம், அவள் டிரைவருக்குப் பின்னால். அவள் ஏறிவிட்டால் ரேடியோ தேவையில்லை. திருக்கழுக்குன்றத்தில் அவளுக்கென்று தெருக்கள் இருந்தன. எந்த வீட்டில் சங்கரா மீன் கேட்பார்கள், எந்த வீட்டில் கிருத்திகைக்கு மறுநாள்தான் கதவைத் திறப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் குரல் தெருமுனையில் கேட்கும்போதே தட்டு வாசலுக்கு வந்துவிடும். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். அவளுக்கு நாங்கள், எங்களுக்கு அவள். அப்படித்தான் வருஷக்கணக்காக ஓடியது.

ஒரு சனிக்கிழமை, டூரிஸ்ட் கூட்டம் நெருக்கித் தள்ளுகிற நேரம். பாஸ்கர் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் ஒரு கான்வாஸ் பை. இன்றைக்கு உங்களில் பல பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத்தந்தவன் இந்த பாஸ்கர்தான். அன்றைக்கு அவன்தான் எங்களில் இளையவன். பையைத் தூக்கப் பார்த்தான். நகரவில்லை, உள்ளே இரும்பு மோதுகிற சத்தம். அவன் பையைத் திறக்கவில்லை. கத்தவும் இல்லை. பக்கத்து வண்டிகளை எல்லாம் சைகையாலேயே தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, முனையில் நின்ற போலீஸ்காரரிடம் போய்க் காதில் சொன்னான். அன்றைக்கு அவன் கத்தியிருந்தால் அந்தக் கூட்டத்தில் குழந்தைகள் மிதிபட்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டு மோப்பம் பிடிக்கிற நாய் வந்தது. எட்ட நின்று கிளறுவதற்கு நீளக் கழி வந்தது. பையைத் திறந்தால் உளி, சுத்தியல், அவற்றுக்கு நடுவில் ஒரு டிபன் டப்பா. டப்பாவில் எலுமிச்சை சாதம். நாய் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கையில் டீ கிளாஸோடு ஒரு சிற்பி வந்தார். இறங்கின அவசரத்தில் பையை மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். தன் உளிகளைப் போலீஸ் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து, விலை கேட்கிறார்களோ என்று நினைத்தாராம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ரோட்டுப் பாதுகாப்பைப் பார்க்கிற ஆபீஸில் சிரிக்கவில்லை. சிரிக்காததில் தப்பும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பெரிய விருந்தாளிகள் சிற்பங்களைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்த சமயம் அது. மறுநாளே அவசர ஆர்டர் வந்தது. ஷேர் ஆட்டோ பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. புறவழிச்சாலை முனைக்குப் போய்விட வேண்டும். கூடை, மூட்டை எதையும் ஏற்றக்கூடாது. ஒரு மாதத்துக்கு. பஸ் ஸ்டாண்டு வாசலில் இரும்புத் தடுப்பைப் போட்டு, பக்கத்தில் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்திவிட்டார்கள்.

பையன்கள் முறைத்தார்கள். நான் அன்றைக்கு ஆபீஸ் பக்கம்தான் பேசினேன். கல்யாணம் நடக்கிற தெருவில் நாம் வண்டியை ஒதுக்கி நிறுத்துவது இல்லையா, ஒரு மாதம்தானே என்றேன். செல்வியும் சரி என்றாள். தெருவுக்கு ஒரு மாதம் லீவு விட்டதாக நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கரையிலேயே வியாபாரியிடம் வந்த விலைக்கு மீனைத் தள்ளினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். நாங்கள் பார்த்தது கறுப்புக் கார் கண்ணாடியை மட்டும்தான். மாதம் முடிந்தது. வண்டியைக் கழுவி, மறுநாள் பழைய இடத்துக்குப் போகத் தயாரானோம். அன்றைக்குச் சாயந்திரம் இன்னொரு ஆர்டர் வந்தது. பாஸ்கர் படித்தான். எனக்குப் படிக்கத் தெரியாதே தவிரக் கேட்டது மறக்காது. வார்த்தை மாறாமல் அதே ஆர்டர். தேதி மட்டும் புதுசு. வருகை தரவிருக்கும் விருந்தினரின் பாதுகாப்பைக் கருதி என்றுதான் அதுவும் ஆரம்பித்தது.

"விருந்தாளி ஊருக்குப் போயி சோறு துன்னு தூங்கியும் எழுந்துட்டாரு. ஆர்டர்ல இன்னும் வந்துகினே கீறாரு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமும் அதே ஆர்டர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் வந்தது.

புறவழிச்சாலை முனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிழலுக்கு ஒரு கம்பம்தான், அதுவும் மத்தியானத்தில் தன் காலடியை மட்டும் காக்கும். கைக்குழந்தைக்காரி அவ்வளவு தூரம் நடந்து வருவாளா? வரவில்லை. காலி வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் லாரிகளை வேடிக்கை பார்த்தோம். செல்விக்கு இன்னும் மோசம். கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து குளிர்பெட்டி வைத்த வேன் ஒன்று அவள் தெருக்களுக்குள் வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் முனைக்கு வந்து என் வண்டி நிழலில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னா செல்வி" என்றேன்.

"ஐஸ் பொட்டில கீற மீன வாங்கிப் பயகிட்டாங்கண்ணா. இன்னும் ரெண்டு மாசம் போனா நான் கத்துனாக்கூட எவளும் தட்டு எடுத்தாரமாட்டா. அப்பால நீங்க கூடைய ஏத்தினா இன்னா, ஏத்தலன்னா இன்னா."

அவள் சொன்னதுதான் விஷயம். தற்காலிகம் என்று ஒதுக்கி வைத்தவனைக் கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும். பிறகு ஆர்டர் தேவையே இல்லை.

அந்தச் சமயத்தில் செங்கல்பட்டில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தால் முனையில் என்னமோ பளபளக்கிறது. கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். சிமெண்ட் போட்டு நட்ட இரும்புக் கம்பம், அதில் பெயர்ப் பலகை, மேலே கொடி, கீழே செங்கல் மேடையில் பிள்ளையார். ஆயுத பூஜை வந்ததாம். பலகை இல்லாமல் பூசணிக்காய் உடைத்தால் ஸ்டாண்டு என்று யார் மதிப்பார்கள் என்று பையன்கள் வசூல் பண்ணி வைத்துவிட்டார்கள். அது மட்டும் இல்லை. ஆர்டர் கொண்டுவந்து கொடுக்கிற அதிகாரியையே கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, ரிப்பன் வெட்டச் சொல்லிப் போட்டோவும் எடுத்திருக்கிறார்கள். புறவழிச்சாலை ஷேர் ஆட்டோ நிறுத்தம் என்று பலகையில் இருப்பதை பாஸ்கர் பெருமையாகப் படித்துக் காட்டினான். வேண்டாம் என்று வழக்கு போட வேண்டிய இடத்துக்கு நாமே திறப்பு விழா நடத்தியிருக்கிறோம். ஆட்டோக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டார்கள்.

அடுத்த ஆர்டர் வந்ததும் பையன்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே உட்காருவது என்று முடிவு. டூரிஸ்ட் வண்டி ஒன்றும் நகரக்கூடாது, டிவிக்காரனைக் கூப்பிடு என்று கணக்கு போட்டார்கள். நான் வேண்டாம் என்றேன்.

"கண்ணு ஆபரேசன்ல பெருசுக்கு ரத்தத்தையும் உருவிட்டானுங்கடா" என்றான் பாஸ்கர்.

நான் கோபப்படவில்லை. அவன் வயிறு காய்ந்து பேசினான். வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன்.

"நைனா, அவுங்க கைல இப்ப அவசரம் இல்ல. வெறும் பேருதான் கீது. நீ போயி ரோட்ல குந்தினா நெஜ அவசரத்த நீயே செஞ்சி அவுங்க கைல குடுக்கற. அப்பால எந்தக் கோர்ட்டு நம்ம பேச்ச கேக்கும்?"

செல்விதான் எழுந்தாள். ரோட்டில் உட்காருவதாக இருந்தால் முதல் ஆளாக நான் உட்காருவேன், ஆனால் பெருசு சொல்கிற கோர்ட்டையும் பார்த்துவிட்டு உட்காருகிறேன் என்றாள். அவள் சொன்னதால் ஒத்திப்போட்டார்கள். தம்பிகளா, என் சர்வீஸில் நான் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை ரோடு திறந்திருந்ததுதான் என்பேன்.

செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அந்த வக்கீல் பெண் இருந்தாள். சிங்கப்பெருமாள் கோயில்காரி. திருக்கழுக்குன்றத்தில் பாட்டி வீட்டிலிருந்து படித்த காலத்தில் என் வண்டியில் தினம் வருவாள். எங்கள் குறையை எல்லாம் கேட்டுவிட்டு அவள் முதலில் சொன்னது எங்களுக்குப் பிடிக்கவில்லை. முதல் ஆர்டர் சரி என்றாள்.

"ஆபத்துன்னா உடனே ஆர்டர் போடத்தான் அண்ணா அந்த அதிகாரம். ஒரு மாசம் வரைக்கும்னா அரசிதழ்ல போட வேண்டியதில்ல, ஊர்ல தெரியப்படுத்தினா போதும். அதுக்கு மேல வேணும்னா முறையா அறிவிக்கணும். பாதிக்கப்படற உங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு நாம வாதாடலாம். இவங்க ஒரு மாசத்தோட வால்ல இன்னொரு மாசத்த ஒட்டிக்கிட்டே போறாங்க. அதைத்தான் நாம கேக்கப்போறோம். போலீஸையோ பாதுகாப்பையோ ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது. சரியா?"

பாஸ்கர் பக்கம் பார்த்துத்தான் சரியா என்றாள். ஆளைத் தெரிந்து வைத்திருந்தாள்.

சென்னையில் பெரிய கோர்ட்டில் கேஸ் வந்த அன்று நான் போயிருந்தேன். இங்கிலீஷில் நடந்தது, ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் எதிர்ப்பக்கத்து வக்கீல் பேப்பரைப் புரட்டத் தொடங்கினார், புரட்டிக்கொண்டே இருந்தார். என்ன கேட்டார் என்று வெளியே வந்து விசாரித்தேன். மாதா மாதம் வருவது புது ஆபத்தா, பழைய ஆபத்தா என்று கேட்டாராம். அவசர ஆர்டரை இனிமேல் இப்படி ஒட்டிக்கொண்டே போகக்கூடாது, இப்போது இருப்பதே கடைசி, நிரந்தரமாக வேண்டும் என்றால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முறைப்படி செய்யட்டும் என்று தீர்ப்பு.

பையன்கள் அவளைத் தோளில் தூக்காத குறை. அவள் சிரிக்கவில்லை. பாதிதான் ஜெயித்திருக்கிறோம் என்றாள். முறைப்படி கேட்டுவிட்டு நிரந்தரமாகவே போட்டுவிட்டால் கோர்ட்டும் சும்மா இருக்கும், நாமும் சும்மா இருக்க வேண்டியதுதான் என்றாள்.

விசாரணை செங்கல்பட்டில், ஒரு ஆபீஸ் ஹாலில் நடந்தது. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. கெட்டவர் இல்லை. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், செல்விக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பைலிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தார். பலகை, கொடி, பொன்னாடை, ரிப்பன். நடுவில் பாஸ்கர், வாயெல்லாம் பல்.

"நிரந்தரமா கம்பம் நட்டு, பிள்ளையார் வச்சு, எங்க ஆளையே கூப்பிட்டுத் திறந்திருக்கீங்க. அந்த இடம் கஷ்டமா இருக்குன்னு இப்ப எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. வக்கீல் பெண் போட்டோவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். செல்வி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு போட்டோவில் அவள் தெருக்கள் எல்லாம் போய்விடும் போல இருந்தது. என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. எங்கள் பிழைப்பு எப்படியோ அதைச் சொன்னேன்.

"ஐயா, மழைக்கு ஒதுங்குன மரத்துக்குக்கூட ஆயுத பூஜை அன்னிக்கு நாங்க பொட்டு வெப்போம். டயர் கயட்டற ஜாக்கிக்கு வெப்போம், ஸ்பேனருக்கு வெப்போம். அதுக்காவ அந்த மரம் எங்க வூடு ஆயிடுமா?"

ஹாலில் இருந்த கிளார்க்குகள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை. நாளைக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தால் என் கையைக் கட்டிப்போட்டுவிட்டு உங்களைப் பஸ் ஸ்டாண்டில் விட வேண்டுமா என்று கேட்டார்.

அப்போதுதான் எங்கள் ஸ்டாண்டு வழக்கத்தைச் சொன்னேன். சவாரிக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும். பிரசவ வலி, பாம்புக்கடி என்று யாராவது வந்தால் வரிசை கிடையாது, கைக்கு எட்டின வண்டி போகும். யாரும் தடுக்க மாட்டோம், ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் போன வண்டி திரும்பி வந்தால் எல்லாருக்கும் பின்னால் கடைசியில்தான் நிற்க வேண்டும். அவசரத்தைச் சொல்லித் தினமும் முன்னால் நிற்கலாம் என்று யாருக்கும் தோன்றக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு கட்டுப்பாடு. நீங்களும் எப்போது வேண்டுமானாலும் எங்களைத் தாண்டிப் போங்கள், முடிந்ததும் வரிசைக்குத் திரும்புங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, அன்றைக்கு அந்தப் பையை முதலில் பார்த்தது யார் என்று கேட்டார். பாஸ்கர் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி. நீ கத்தாமல் வந்து சொன்னதாக ரிப்போர்ட்டில் இருக்கிறது, ஏன் கத்தவில்லை என்றார். கொழந்தைங்க இருந்திச்சு சார் என்றான்.

அதற்குப் பிறகு அந்த அதிகாரி செய்ததை நான் எங்கே போனாலும் பெருமையாகச் சொல்வேன். எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவர் சொன்னார். ஆபத்து கூடையில் இல்லை, ஆள் இல்லாத கூடையில்தான் இருக்கிறது. ஆகவே கூடையோடு அதன் ஆள் அதே வண்டியில் ஏற வேண்டும். வண்டி எடுக்கும் முன்னால், இது யாருடையது என்று டிரைவர் சத்தமாகக் கேட்க வேண்டும், உரியவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத பொருள் இருந்தால் வண்டி நகரக்கூடாது. ஆள் இறங்கினதும் சீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதமானால் பழைய இடத்துக்கே வாருங்கள் என்றார். யோசிக்க நேரம் வேண்டுமா என்றும் கேட்டார். செல்வி எங்களுக்கெல்லாம் சேர்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் வண்டி எடுக்கும் முன்னால் தினமும் கத்துகிறீர்களே, அது அங்கே பிறந்ததுதான். பாதிப் பேர் அதை முணுமுணுக்கிறீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த இடத்தில் நிற்கிறோம். நாளைக்கு ஆபத்து என்று சொல்லி மறுபடி ஆர்டர் வந்தால் அந்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், முனகாதீர்கள். ஆனால் எதற்காக, எதுவரைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வந்ததும் மரியாதையாகப் போய்க் கதவைத் தட்டுங்கள்.

கடைசி ஆர்டர் முடிந்த மறுநாள் விடிந்ததும் எல்லா வண்டிகளும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வந்துவிட்டன. இத்தனை மாதமும் அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் வெயிலில் நின்ற போலீஸ்காரர், ஒரு பக்கத்தை நீ பிடி என்று என்னைக் கூப்பிட்டார். அவரும் நானும் சேர்ந்துதான் அதை இழுத்து ஓரமாகப் போட்டோம். வரிசையில் முதல் வண்டி பாஸ்கருடையது.

செல்வி கரையிலிருந்து நடந்து வந்தாள். ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூடையைப் பின்பக்கம் ஏற்றிவிட்டு டிரைவருக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பாஸ்கர் சாவியைப் போடவில்லை. திரும்பி, புது விதிப்படி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"யார்தும்மா இந்தக் கூடை?"

திருக்கழுக்குன்றம் தெருமுனையில் கத்துவாளே, அந்தக் குரலை எடுத்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னுது. நான் இங்கதான் கீறேன். எடு வண்டிய."